எம்டன் குண்டும் ஆர்பத்நாட் வட்டியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"உலகம் போகிற போக்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் நிலைமை அப்படி இல்லை. உக்ரைனில் 2022 பிப்ரவரியில் பெரும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு காஸா. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. அடுத்த மாதமே, புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. நம் குடியிருப்பில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அன்று ராத்திரி யாருக்குத் தூக்கம் வந்திருக்கும்?

இந்த ஊர் இதற்கு முன்பும் இப்படிப் பயந்திருக்கிறது. அப்போது ஜனங்கள் எதற்குப் பயந்தார்கள், கடைசியில் அடி எங்கிருந்து விழுந்தது என்று பார்த்தால் நமக்கு ஒரு வழி தெரியும்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சிலர் இறந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் கப்பல் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். எம்டன் திரும்பி வரவே இல்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு முடிந்தது. நமக்கு மிஞ்சியது, உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டும், "அவன் சரியான எம்டன்" என்கிற பேச்சும்தான்.

1942 இன்னும் பெரிய பயம். ஏப்ரலில் ஜப்பான் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டது. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின; உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போனவர்களின் கதையைப் பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

அதற்காக அந்தப் போர் நம்மைத் தொடவில்லை என்று நினைக்க வேண்டாம். பர்மா ஜப்பான் வசம் போனதும் ரங்கூன் அரிசி வருவது நின்றது. அரிசிக்கு ரேஷன் வந்தது. எல்லோரும் வானத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தபோது போர் அடுக்களை வழியாக உள்ளே வந்தது.

1990லும் இதே வழிதான். ஆகஸ்டில் இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் அனுப்பும் பணம் குறைந்தது. நம்மிடம் இருந்த அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்கிற நிலை. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி, ஈடு காட்டிக் கடன் வாங்கியது. இன்றும் நம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. ஆகவே ஹோர்முஸ் நீரிணை என்று டிவியில் கேட்டால், அது நம் வீட்டு சிலிண்டரையும் ஜெனரேட்டர் டீசலையும் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நாம் பயந்த விஷயங்கள். இனி, யாருமே பயப்படாத ஒன்றைச் சொல்கிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அந்தக் கால சென்னையில் அசைக்க முடியாத பெயர். வெள்ளைக்காரக் கம்பெனி, நல்ல வட்டி. பென்ஷன்காரர்கள், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள், வக்கீல்கள் எல்லோரும் பணத்தை அங்கே போட்டிருந்தார்கள். லண்டனில் அதனோடு சேர்ந்த மெக்ஃபாடியன் நிறுவனம் ஊக வணிகத்தில் பணத்தை விட்டது. 1906 அக்டோபர் 22 அன்று இங்கே கதவு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஆயுள் சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது; அதனால் போன பணம் திரும்பி வந்துவிடவில்லை. இந்த ஊரின் குடும்பங்களுக்கு எம்டன் செய்த சேதத்தைவிட இது செய்த சேதம் அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

பணம் இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். வழக்கோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நம் பணத்தை நாமே கண்காணிக்கும்படி நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று ஊரைக் கூட்டினார். செட்டிநாட்டுப் பிரமுகர்கள் கைகொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியன் வங்கி திறந்தது.

இப்போது நம் குடியிருப்புக்கு வருவோம். நம் கார்பஸ் ஃபண்டை அதிக வட்டி தரும் இடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை பொதுக்குழுவுக்கு வரப்போகிறது. விலைவாசி ஏறுகிறதே என்கிற நியாயமான கவலையில்தான் சொல்கிறார்கள். என் கருத்து, வேண்டாம் என்பது. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள டெபாசிட்டுகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரியிலிருந்து இதுதான் வரம்பு. கிளை மாற்றிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். சங்கத்தில் நூறு வீடு இருந்தாலும் சங்கம் ஒரே டெபாசிட்தாரர். நிதி நிறுவனங்களுக்கும் சீட்டு கம்பெனிகளுக்கும் அந்தக் காப்பீடுகூடக் கிடையாது. ஆகவே பணத்தை இரண்டு மூன்று நல்ல வங்கிகளில் பிரித்து வையுங்கள். ரசீதுகளின் நகலை ஆண்டுக்கு ஒரு முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஆர்பத்நாட்டையும் அன்று யாரும் சந்தேகப்படவில்லை.

வீட்டுக் கணக்குக்கும் இதே யோசனைதான். ஆறு மாதச் செலவுக்கான பணம் உடனே எடுக்கும்படி இருக்கட்டும். பிள்ளை அனுப்பும் டாலரை நம்பி இங்கே புதுக் கடன் வாங்க வேண்டாம். செய்தியைக் கேட்ட அன்றே எதையும் விற்கவோ வாங்கவோ வேண்டாம். ஒரு வாரம் போகட்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இப்போது போனிலேயே வருகிறார்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று எந்தப் போலீஸும் செய்வதில்லை, சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் நடப்பது நம் கையில் இல்லை. நம் சங்கத்தின் பாஸ்புக் நம் கையில் இருக்கிறது. பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள், கணக்கைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள்.