ஆற்றுக்கு அணை, மீனுக்கு வழி எங்கே?

(பதுளையில் உழவரும் ஆசிரியரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தவன் மீனைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். மீன் போகும் வழி நீர் போகும் வழி. நீர் போகும் வழியே நம் வாழ்வு போகும் வழி.

விலாங்கு மீனை நீங்கள் அறிவீர்கள். அது கடலிலே பிறக்கிறது. கண்ணாடி போன்ற சிறு குஞ்சாக ஆற்றின் முகத்துவாரத்தை அடைகிறது. வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்கிறது. முதிர்ந்ததும் மீண்டும் கடலுக்கே சென்று, முட்டையிட்டு மடிகிறது. அதற்கு ஏறவும் வழி வேண்டும். இறங்கவும் வழி வேண்டும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் அதன் குலம் அறும்.

நமது உமா ஓயாவும் பதுளு ஓயாவும் மகாவலியிற் கலந்து, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கின்றன. கடலிலிருந்து உமா ஓயாவுக்கு ஏறிவரும் மீனின் பாதையில், 1990 இல் ரந்தம்பே அணை எழுந்தது. அதற்கும் மேலே புகுல்பொலவில் ஓர் அணை. டயரபாவில் இன்னோர் அணை. டயரபாவில் தேங்கும் நீர் 15 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்திற் புகுந்து, ரந்தெனியாவில் நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளை ஓட்டி, கிரிந்தி ஓயாப் பக்கம் செல்கிறது. 120 மெகாவாட் ஆற்றலுள்ள இத்திட்டம் 2024 ஏப்ரல் 24 இல் திறந்துவைக்கப்பட்டது.

அந்நீரோடு சுரங்கத்திற் புகும் மீனின் கதி என்ன? பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து பாயும் நீரின் அழுத்தத்திலும், சுழலியின் அடியிலும் அது பிழைக்க இடமில்லை.

மனிதனுக்கு நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. இச்சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014 இறுதியிலிருந்து, நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதியில் இறங்கினர். நீரின் வழியை முழுதும் அறியாமல் வேலை தொடங்கினால், நட்டம் யார் தலையில் விடியும் என்பதை ஊவா மக்கள் கண்டுகொண்டனர்.

'மீன் பெரிதா, மின்சாரம் பெரிதா?' என்று கேட்போர் உண்டு. இரண்டும் வேண்டும் என்பதே நம் விடை! அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பொன்வில் அணையில் 1938 முதலே மீன் ஏணி உண்டு. நியூசிலாந்தில் அணையின் அடியில் வந்து கூடும் விலாங்குக் குஞ்சுகளைப் பிடித்து, மேலே கொண்டுபோய் விடுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் விலாங்கைக் காக்கவென்றே 2007 இல் விதி இயற்றியது. இவற்றைச் செய்யாதவர் கண்டது என்ன? 1934 இல் மேட்டூர் அணை எழுந்த பின், காவிரியில் ஏறிவந்த உள்ளம் மீனின் வரத்துக் குன்றிப்போயிற்று.

நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, ஏறும் வழி. தாழ்ந்த அணையில் ஈரமான சாய்கால்வாய் அமைத்தாற் குஞ்சுகள் ஊர்ந்தேறும்; உயர்ந்த அணையிற் பிடித்து மேலேற்றலாம். இரண்டாவது, இறங்கும் வழி. நீர் உட்புகும் வாயிலில் நெருக்கமான கம்பித் தடுப்பும், அதனருகே மீன் ஒதுங்கிச் செல்லும் கால்வாயும் வேண்டும். விலாங்கு இறங்கும் மழை இரவுகளிற் சுழலிகளின் ஓட்டத்தைக் குறைத்தலும் பயன் தரும். மூன்றாவது, அணைக்குக் கீழே எந்நாளும் வற்றாத ஓட்டம்.

மூன்றாவதே நமக்கு உயிர்! பெரிய அணைகள் நம் கண்ணில் படுகின்றன. மலைச்சரிவுகளின் சிறு நீர்மின் நிலையங்கள் படுவதில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வெளியான பட்டியல், 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையே ஆய்வுக்கு உட்படுத்துகிறது. அதற்குட்பட்டவை, குறித்த சில காப்பு இடங்களில் அமைந்தாலன்றி, அந்த ஆய்வுக்கு வருவதில்லை. ஆனால் சிறு நிலையமும் ஓடையைத் திருப்பித்தான் குழாயில் விடுகிறது. திருப்பிய இடத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே ஓடை வறண்டால், கல்லிடுக்கில் மீன் துடிக்கும். அதே ஓடையிற் குடமெடுக்கும் லயத்துப் பெண் வெறுங்குடத்தோடு திரும்புவாள். கீழேயுள்ள உழவனின் காய்கறிப் பாத்தி காயும்.

ஆகவே தோழர்களே, ஒரு திட்டத்தின் வரைபடம் உங்கள் ஊருக்கு வரும்போது, 'மீன் எங்கே ஏறும்? எங்கே இறங்கும்? கோடையில் ஓடையில் எவ்வளவு நீர் விடுவீர்கள்?' என்று கேளுங்கள். அளவை எழுத்தில் வாங்குங்கள். கல் வைக்கும் முன்னே கேட்டால் செலவு சிறிது. அணை எழுந்த பின் கேட்டால் அழுகை பெரிது.

விளக்கு எரியட்டும், ஆறும் ஓடட்டும்! மீனுக்கு வழிவிடாத ஆற்றில் நமக்கும் நீர் நில்லாது.