வாளையாற்றுக்கு அப்பால் ஒரு பெண்



பாலக்காடு, இடுக்கி என்றதும் விளையாட்டுச் செய்தி படிப்பவர்கள் மனதில் முதலில் வருவது ஓட்டம்தான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை போன ஷைனி வில்சன், தொடுபுழைக்காரர். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் அதே தூரத்தில் தங்கம் வாங்கிய பீனாமோள், இடுக்கி மலையில் பிறந்தவர். 2017, 2019 இரண்டு ஆசியத் தடகளப் போட்டிகளிலும் 1500 மீட்டர் தங்கம் வென்ற சித்ரா, நம் பாலக்காட்டு முண்டூர்ப் பெண். டென்னிஸில் அப்படி ஒரு பெயர் வேண்டுமென்றால் கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். அங்கே 1976 டிசம்பரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1998 ஜனவரி, மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையர் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கிராண்ட்ஸ்லாம் கதவு திறந்தது 1968-ல். அதன் பிறகு பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை இந்தியப் பெண் ஒருவர் முதன்முதலாக ஜெயித்தது அன்றைக்குத்தான். அதற்கு வெகுகாலம் முன்பு, 1934-ல், லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார். 2005-ல் சானியா மிர்சா அதே மெல்போர்னில் மூன்றாவது சுற்று வரை போனபோது நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஏழு வருடம் முன்பே அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் ஒரு கோவைப் பெண் என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகளே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

அவர் தொட்ட உச்சத் தரவரிசை 134. கேட்டால் சாதாரண எண் போலத் தோன்றும். அது என்ன எண் என்று கொஞ்சம் பார்ப்போம். கிராண்ட்ஸ்லாமில் 128 பேர் ஆடுகிறார்கள். ஏறக்குறைய முதல் நூறு இடங்களில் இருப்பவர்களுக்கு நேரே இடம் கிடைத்துவிடும். அதற்குக் கீழே இருப்பவர்கள் பொதுவாகத் தகுதிச் சுற்றுகளில் ஜெயித்துத்தான் உள்ளே வரவேண்டும். தரவரிசைப் புள்ளி சேர்க்கவோ, ஊர் ஊராகப் போகவேண்டும். அந்தக் காலத்தில் பெண்களுக்கான சின்னப் போட்டிகளில் மொத்தப் பரிசே 10,000 டாலர்தான். அதை ஒற்றையர், இரட்டையர் என்று அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விமானக் கட்டணத்துக்கே போதாது. தங்குமிடம், சாப்பாடு, அறுந்துபோகும் ராக்கெட் நரம்பு, எல்லாம் சொந்தச் செலவு. பயிற்சியாளரையும் உடன் அழைத்துப்போகப் பலருக்குக் கட்டுப்படியாகாது. தோற்ற இரவில் தோளில் கைபோட ஆள் இருக்காது. மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும்.

ஓட்டத்துக்கும் டென்னிஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஓடுகிற பிள்ளையைப் பள்ளி மைதானத்திலேயே ஓர் ஆசிரியர் கண்டுபிடித்துவிடலாம். பள்ளி விளையாட்டு விழா, மாவட்டம், மாநிலம் என்று மேலே போக ஒரு படிக்கட்டு இருக்கிறது. டென்னிஸில் முதல் படியே குடும்பத்தின் கைக்காசு. நிருபமாவுக்குச் சிறுவயதிலேயே டென்னிஸ் மட்டையைப் பிடிக்க வழிவிட்ட வீடு அமைந்தது. அந்த வீடு இல்லாத எத்தனையோ திறமை கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் 2013-ல் எழுதிய தன்வரலாற்றின் பெயர் ‘தி மூன்பாலர்’. பந்தை வலைக்கு மேலே வெகு உயரத்தில், முன்சுழல் கொடுத்துத் தூக்கி அடிப்பதுதான் மூன்பால். அது எதிராளியின் கடைக்கோட்டருகே விழுந்து தோளுக்கு மேல் எகிறும். எதிராளி பின்னால் போயே ஆகவேண்டும். பார்க்க அழகில்லாத அடி, பொறுமையைச் சோதிக்கிற அடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் அடிக்கிற காற்றில் அதை ஆடிப் பாருங்கள், பந்து எங்கே விழும் என்று அடித்தவருக்கே தெரியாது! மூணாறில் வேறு சிக்கல். கடல் மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கென்று தனிப் பந்தே உண்டு. மூணாறு அதைவிட உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் சாதாரணப் பந்து கோட்டைத் தாண்டிப் பறந்துவிடும். மலையில் ஆடிப் பழகுகிற பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தருகிற பெற்றோர், கடையில் அந்தத் தனிப் பந்தைக் கேட்டு வாங்குங்கள்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் நிருபமா வெண்கலம் வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். பிறகு கல்யாணம், அமெரிக்கா, கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. நிருபமா சஞ்சீவ் ஆனார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2010-ல், 33 வயதில், ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகு, மறுபடி ஆட வந்தார். டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் பூஜாஸ்ரீ வெங்கடேஷாவுடன் ஜோடி சேர்ந்து வெண்கலப் பதக்க ஆட்டம் வரை போனார். எதிரே நின்றது சானியா மிர்சாவும் ருஷ்மி சக்கரவர்த்தியும். பதக்கம் அவர்களுக்குப் போனது. வலையின் இரண்டு பக்கமும் அன்று நின்ற நான்கு பேருமே இந்தியப் பெண்கள்.