கனமான துணி அல்ல, காய்ந்த துணி

(வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்லும் மாணவ, மாணவியருக்கும் பெற்றோருக்கும் பள்ளிபாளையத்தில் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில், மாணவி ஒருவரின் தந்தையான விசைத்தறி உரிமையாளர் ஆற்றிய உரை.)





கல்லூரி, கட்டணம், விசா பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் துணி. தறிக்காரனுக்குத் துணியைப் பற்றிப் பேசத் தெரியாதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் தவறு செய்தேன்.

என் மகள் ரஷ்யாவில் கசான் நகரத்துக்குப் படிக்கப் போனாள். நம் ஊரில் மார்கழி விடியலில் 18, 20 டிகிரிக்கே குல்லா தேடுகிறோம். அங்கே ஜனவரியில் சராசரியே மைனஸ் 10ஐ ஒட்டி இருக்கும். சில நாள் மைனஸ் 25, 30 வரை இறங்கும். நான் ஈரோட்டுக்குப் போய், கையால் தொட்டுப் பார்த்து, நல்ல தடிப்பான காட்டன் பனியன்கள், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ், தோள் வலிக்கும் அளவுக்குக் கனமான ஒரு ஸ்வெட்டர் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தால் கதகதப்பாக இருக்கும் என்பது என் கணக்கு.

குளிர்காலம் முழுக்க வீடியோ காலில் கேட்டேன். "நல்லா இருக்கேன் அத்தா" என்றே சொன்னாள். கோடை விடுமுறையில் வந்தபோதுதான் அவள் உம்மா காலைப் பார்த்தார். இரண்டு விரல்களில் தோல் உரிந்து நிறம் மாறிய தழும்பு. இன்றைக்கும் சின்னக் குளிருக்கே அந்த விரல்கள் மரத்துப் போகின்றன. ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "கடன் வாங்கி இவ்வளவு வாங்கிக் கொடுத்தீங்க. மறுபடியும் கேக்க மனசு வரலை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

என் தவறு எங்கே? காவிரியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கரையில் நின்றிருப்பீர்கள். காற்று அடித்தால் வெயில் காலத்திலும் பல் கிட்டும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டு போகும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. நம் ஊர் வெயிலுக்கு அது ரஹ்மத். மைனஸ் 20ல் நடந்து வியர்த்துவிட்டு நின்றால், அதே பனியன் உடம்பில் ஒட்டிய ஈரத்துண்டு. நமக்குச் சோறு போடும் பருத்தியைக் குறை சொல்லவில்லை. அதன் இடம் அது அல்ல, அவ்வளவுதான்.

இன்னொன்று, சூடு தருவது துணி அல்ல, நம் உடம்பு. துணியின் வேலை அந்தச் சூடு வெளியே போகாமல் இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைப்பது. அதனால் ஒரே கனமான துணியைவிட மூன்று லேசான அடுக்கு மேல்.

முதல் அடுக்கு, உடம்பை ஒட்டிய தெர்மல். 'தெர்மல்' என்று அட்டையில் போட்டிருந்தால் போதாது. உள்ளே லேபிளைப் படியுங்கள். 100 சதவீதம் காட்டன் என்றால் ஊட்டிக்குச் சரி, ரஷ்யாவுக்குச் சரியில்லை. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி வேண்டும். இரண்டாவது அடுக்கு கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். மூன்றாவது, காற்றும் பனியும் புகாத, உள்ளே இறகோ பாலியஸ்டர் பஞ்சோ அடைத்த நீளமான கோட்டு. வகுப்பறையிலும் விடுதியிலும் ஹீட்டர் ஓடும், உள்ளே போனால் வியர்க்கும். அதனால் ஒவ்வொரு அடுக்கும் சுலபமாகக் கழற்ற வருவதாக இருக்க வேண்டும்.

கம்பளி என்று விற்பதெல்லாம் கம்பளி அல்ல. நமக்குத் தெரிந்த சோதனைதான். ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தால் கம்பளி. உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. காகிதம் எரிவது போல எரிந்தால் பருத்தி. அக்ரிலிக் ஸ்வெட்டர் ஆகாது என்பதில்லை, ஆனால் கம்பளி விலை கொடுத்து அதை வாங்காதீர்கள்.

கால்தான் முக்கியம். பூட்ஸ் உள்ளே விரல்கள் அசைய இடம் வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவில் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும், இன்னும் குளிரும். என் மகள் செய்தது அதுதான். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் உறை சூடாக இருக்கும்.

சகோதரிகளுக்கு: ஹிஜாபுக்கு உள்ளே காதை மூடும் கம்பளிக் குல்லா போடுங்கள். தரையில் புரளும் புர்கா பனியில் நனைந்து, உறைந்து, காலைத் தடுக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் நீளக் கோட்டு அங்கே எளிதாகக் கிடைக்கும், மறைவுக்கும் குறைவில்லை.

ஒளு செய்துவிட்டு ஈரக்காலோடு சாக்ஸ் போட்டு வெளியே போகாதீர்கள். விரல் இடுக்கு வரை துடையுங்கள். குளித்தால் தலைமுடி நன்றாகக் காய்ந்த பிறகே வெளியே போங்கள். முழு ஒளுவோடு அணிந்த தோலுறையின் மீது மஸஹ் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. கசானின் தாத்தார் முஸ்லிம் பெரியவர்கள் 'இச்சிகி' என்ற மெல்லிய தோல் பூட்ஸ் அணிந்து, அதற்கு மேல் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள். சாதாரண சாக்ஸின் மீது கூடுமா என்பது போன்ற சட்டங்களைப் புறப்படும் முன் நம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விரலோ காதோ உணர்வில்லாமல் வெளுத்துப் போனால் தேய்க்காதீர்கள். ஹீட்டரில் காட்டாதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். உள்ளே வந்து, ஈரத்தைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டுக்கும் சொல்லுங்கள்.

எதை எங்கே வாங்குவது? தெர்மல், ஃபிளீஸ், குல்லா இங்கேயே வாங்கலாம். கனமான கோட்டும் பூட்ஸும் அங்கே போய், சீனியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வாங்குங்கள். பெட்டி எடையும் மிச்சம். ஆனால் நவம்பருக்குப் பிறகு போய் இறங்குகிறவர்கள் ஒரு நல்ல ஜாக்கெட்டைக் கையிலேயே வைத்திருங்கள், விமானத்தில் போடும் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டபோது, நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் போலந்து எல்லைக்கு உறைகுளிரில் மணிக்கணக்கில் நடந்தார்கள். அந்த நேரத்தில் உதவியது உடம்பில் இருந்த கோட்டும் காலில் இருந்த பூட்ஸும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படிப்பு முடித்து வந்த பிள்ளைகளின் கோட்டுகள் நம் ஊர் பீரோக்களில் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. பள்ளிபாளையம் வெயிலில் அதை யார் போடப் போகிறார்கள்? துவைத்து, காயவைத்து, அறக்கட்டளையில் ஒப்படைப்போம். அடுத்துப் போகும் பிள்ளை வாங்கிப் போய், திரும்பி வந்ததும் அமானிதமாகத் திருப்பித் தரட்டும். என் மகளின் கோட்டைத் துவைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். இதோ இந்த மேசையில் வைக்கிறேன்.

பெற்றோர்களே, போனில் "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்காதீர்கள். "கால் விரல் எப்படி இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். பிள்ளைகளே, குளிர்கிறது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்கள் அத்தாவுக்குக் கடன் பாரமில்லை. நீங்கள் மறைப்பதுதான் பாரம்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை எளிதாக்குவானாக. வஸ்ஸலாம்.