பெயரும் ஆலையும்



சலவை யந்திரமொன்றை வாங்கச் செல்பவர் முதலில் நோக்குவது அதன் முகப்பிலே பொறிக்கப்பட்டுள்ள பெயரைத்தான். அப்பெயருக்கு இன்று உரியவர் யார், அப்பொருளைச் செய்தவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. பெயரும் உடைமையும் உற்பத்தியும் ஓரிடத்தேயே இருப்பன என்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஐரோப்பாவின் புகழ்பெற்ற வீட்டு உபகரணங்களின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது.

ஜேர்மனியின் ஏ. ஈ. ஜி. நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எமில் ராத்தெனௌ என்பவர் 1883ஆம் ஆண்டில், எடிசனின் கண்டுபிடிப்புக்களைப் பயன்படுத்தும் உரிமை பெற்று, பேர்லின் நகரிலே ஒரு கம்பனியைத் தொடங்கினார். 1887இல் அது பொது மின்சாரக் கம்பனி என்று பொருள்படும் ஜேர்மன் பெயரை ஏற்றது. அதன் முதலெழுத்துக்களே ஏ. ஈ. ஜி. ஆகும். அதே மூன்றெழுத்துக்களில் தொடங்கும் சொற்களால், 'அனுபவத்தால் நல்லது' என்னும் கருத்துடைய விளம்பரத் தொடரொன்றும் பிற்காலத்தில் அந்நாட்டு இல்லங்களிலே பழகிப்போயிற்று.

1982இல் அந்நிறுவனம் கடன்சுமை தாங்காது நீதிமன்றத்தை நாடியது. 1985இல் டைம்லர்-பென்ஸ் அதனைத் தன்வசமாக்கிற்று. 1994இல் வீட்டு உபகரணப் பிரிவு சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1996இல் தாய்க் கம்பனியே இல்லாதொழிந்தது. ஆயினும் பெயர் மறையவில்லை.

நூரன்பேர்க் நகரிலே அப்பெயர் தாங்கிய யந்திரங்களைச் செய்த பெரிய ஆலையொன்று இருந்தது. அதனை மூடும் முடிவு 2005 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,700 பேரின் பிழைப்பு அதனைச் சார்ந்திருந்தது. 2006 ஜனவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஆறு வாரமளவிற் போராடினர். நட்டஈடு கிடைத்தது, ஆலை பிழைக்கவில்லை. 2007இல் அதன் கதவுகள் அடைபட்டன. உற்பத்தி போலந்துக்கும் இத்தாலிக்கும் சென்றது. அனுபவம் மிக்க கைகள் வீடு திரும்பின. அனுபவத்தாற் பெற்ற பெயரோ கடைகளில் தொடர்ந்து விலைபோயிற்று.

ஏனைய பெயர்களும் இவ்வாறே பலவகைப்படுவன. பொஷ், சீமென்ஸ் என்னும் இரு நிறுவனங்களும் 1967இல் வீட்டு உபகரணங்களுக்கெனக் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2015இல் அது முழுவதும் பொஷ்ஷின் உடைமையாயிற்று. சீமென்ஸ் என்னும் பெயர் அனுமதி பெற்றே அதன் பொருள்களில் இடப்படுகின்றது. 1899இல் தோன்றிய மீலே நிறுவனமோ இன்றும் அதனை நிறுவிய இரு குடும்பங்களிடமே உள்ளது. எனினும் வீட்டுச் சலவை யந்திர வேலையின் பெரும்பகுதியைப் போலந்துக்கு மாற்றப்போவதாக 2024இல் அதுவும் அறிவித்தது. உடைமை மாறாதபோதும் ஆலை இடம்பெயரக்கூடும்.

போலந்துத் தொழிலாளி செய்தது தாழ்ந்தது என்று இதனாற் கொள்ளலாகாது. கைத்திறன் எந்நாட்டவர்க்கும் தனியுரிமையன்று. ஆலை சென்றவிடத்தே அனுபவமும் வளரும். ஆனால், பழம்பெயர் ஒன்றே தரத்துக்குப் பிணையென நம்பி மிகுந்த விலை கொடுப்பது அறிவுடைமையாகாது. எங்கே செய்யப்பட்டது, உத்தரவாதம் அளிப்பவர் யார், பழுதுற்றால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டறிந்து வாங்குதல் நம் கடமை. அப்பெயரை உயர்த்திய தொழிலாளரையும் அவ்வேளை ஒருகணம் நினைத்தல் நன்று.