இலவசமும் நிபந்தனையும்

(கண்டியில் தொழில்வல்லாரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மென்பொருள் எழுதுவோருக்குக் கிடைக்கும் இலவச முகிற் கணிமை வரவைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். மாத்தளையில் மிளகு பயிரிடுபவருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

உழவு இயந்திரம் வாங்க வசதியற்றவர் அதனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். முகிற் கணிமையும் அத்தகையதே. கணினி வேறிடத்தில் இயங்கும். நாம் வாடகை செலுத்துவோம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அசூர் நிலையங்களுள் ஒன்று நம் அண்டையிலுள்ள சென்னையில் இருக்கிறது. வாடகையோ டொலர்க் கணக்கு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்துவிடவில்லை.

இந்நிலையில், அந்நிறுவனத்தின் விஷுவல் ஸ்டூடியோ சந்தாவுடன் மாதந்தோறும் ஒரு வரவு சேர்ந்து வருகின்றது. புரொபெஷனல் சந்தாவுக்கு 50 டொலர். என்டர்பிரைஸ் சந்தாவுக்கு 150 டொலர். டொலர் ஒன்று 300 ரூபா எனக் கொண்டால், முறையே 15,000 ரூபாவும் 45,000 ரூபாவும் ஆகும்.

இது தானமா? அன்று. சந்தாப் பணத்திலேயே இதன் விலையும் அடங்கியிருக்கிறது. ஆகவே இது உரிமை. ஆயினும் உரியவர் தாமே அதனைச் செயற்படுத்தினாலன்றி அது கிடைப்பதில்லை. எஞ்சியது அடுத்த மாதத்துக்குச் செல்வதுமில்லை. புரொபெஷனல் சந்தாவுடைய ஐவர் பணிபுரியும் அலுவலகம் இதனைக் கவனியாதுவிட்டால் மாதம் 75,000 ரூபா பெறுமதி வீணாகின்றது. நீரை மடை திறந்து ஓடவிட்டுவிட்டுப் பயிர் வாடுகிறதென்று அழலாமா?

ஆனால் ஒப்பந்தத்தை இறுதி வரிவரை வாசிப்பது சட்டம் பயின்றோரின் கடமை. இதில் கவனிக்கவேண்டிய நிபந்தனைகள் மூன்று.

முதலாவது, வரவு தனியொருவருக்கு உரியது. பலருடைய வரவை ஒன்றாகச் சேர்க்க இயலாது. இரண்டாவது, ஆக்குவதற்கும் சோதிப்பதற்கும் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். மக்கள் நாளாந்தம் நம்பியிருக்கும் சேவையை அதில் நடத்தலாகாது. மூன்றாவது, தொகை தீர்ந்தால் அடுத்த மாதம்வரை இயந்திரங்கள் நிறுத்தப்படும். இந்தச் செலவெல்லை நமக்குக் காவல். அதனை நாமே நீக்கிவிட்டால் மேலதிகச் செலவு கடனட்டையில் ஏறும்.

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கு இதில் உள்ள தொடர்பு இங்கேதான்! உங்கள் சங்கத்தின் பாற்கணக்கையோ மிளகுக் கணக்கையோ ஓர் இளைஞர் இந்த இலவச வரவில் அமைத்துத் தந்தால், மாதத்தின் இருபதாம் நாள் அது நின்றுபோகலாம். அவர் வேலை மாறிச் சந்தா முடிந்தால் முற்றாகவே நின்றுபோகலாம். எனவே கணக்கை ஒப்படைக்குமுன், "தம்பி, இது யாருடைய பெயரில் இருக்கிறது? வரவு தீர்ந்தால் யார் பணம் கட்டுவது?" என்று கேளுங்கள்.

முன்பணத்தின் வரலாறு இம்மலைநாட்டுக்குப் புதிதன்று. தொழிலாளியின் கடனை ஒரு தாளில் எழுதி, அவர் எத்தோட்டத்துக்குச் சென்றாலும் அக்கடன் பின்தொடரச் செய்த துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. அக்கொடுமையையும் இவ்வரவையும் நாம் ஒன்றாக்கவில்லை. எனினும், எளிதாக வருவதற்குள்ளே கட்டு இருக்கக்கூடும் என்ற பாடம் ஒன்றே. ஒரு நிறுவனத்தின் தனிக் கருவிகளிலேயே அனைத்தையும் அமைத்தோர், வேறிடம் பெயரும்போது பெருஞ்செலவை ஏற்க நேரும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை இவை. தொழில்வல்லார் தமக்குரிய வரவை இம்மாதமே செயற்படுத்திக் கற்கட்டும். லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்று எங்கும் எடுத்துச்செல்லத்தக்க திறந்த மென்பொருள்களில் அமைக்கட்டும். செலவெல்லையை நீக்காதிருக்கட்டும். சோதனையில் உண்மை மனிதரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இடம்பெறாதிருக்கட்டும். தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதை அறிந்துகொள்ளட்டும். பேராதனையில் பயிலும் நம் பிள்ளைகள், கடனட்டையின்றி 12 மாதங்களுக்கு 100 டொலர் வழங்கும் மாணவர் திட்டத்துக்குத் தகுதியுண்டா என விசாரிக்கட்டும். சங்கங்களோ, சோதனை முடிந்தபின் நடைமுறைச் செலவுக்கென்று தம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகையை ஒதுக்கட்டும்.

கற்பதற்கு இலவசத்தைக் கொள்வோம். வாழ்வதற்கு நம் சொந்தப் பணத்தையும் சொந்த ஒப்பந்தத்தையும் நம்புவோம். உரிமையைக் கைவிடவும் வேண்டாம். நிபந்தனையை வாசியாது கையொப்பமிடவும் வேண்டாம்!