பாலாற்றுக்கு யார் பதில் சொல்வது?

(பாலாற்றங்கரை ஊரொன்றில் நடந்த விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் பல கேள்விகள் கேட்கிறோம். சாலை போட்டீர்களா? தெருவிளக்குப் போட்டீர்களா? கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்தீர்களா? இவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் நமது உடல்நலத்துக்கு என்று ஒதுக்கிய பணம் எவ்வளவு, அது எங்கே போனது, நமது ஆற்றைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன செய்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சிந்தித்துப் பாருங்கள்!

ஆட்சி என்பது அமானத். மக்கள் வரிப்பணம் அமானத். ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் அமானத். அமானத்தை வாங்கி வைத்தவனிடம் கணக்குக் கேட்பது குற்றமல்ல. கேட்காமல் இருப்பதுதான் குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று நமது அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு கூறுகிறது. சுற்றுச்சூழலையும் காடுகளையும் பாதுகாக்க அரசு பாடுபட வேண்டும் என்று 48ஏ பிரிவு கூறுகிறது. இது 1976-ல் சேர்க்கப்பட்டது.  சாசனத்தில் அருகருகே இருக்கும் இந்த இரண்டு கடமைகளும் அரசு அலுவலகத்தில் மட்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை! சுகாதாரத் துறை ஒரு கட்டடத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறொரு கட்டடத்தில். குடிநீர் கெட்டுப் போனால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். நடுவில் நிற்கும் குடிமகன் யாரிடம் போவான்?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது கால்களுக்கு அடியிலேயே உதாரணம் இருக்கிறது.

பாலாற்றின் கதை

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வந்து கடலில் கலக்கிறது. வருடம் முழுவதும் வெள்ளம் ஓடும் ஆறல்ல இது. ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடும். கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். அந்த ஊற்றை நம்பித்தான் இந்தக் கரையில் ஊர்கள் எழுந்தன, கழனிகள் விளைந்தன, தோல் தொழிலும் வந்தது.

ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலை விரைவாக முடிந்தது, ஏற்றுமதி பெருகியது, நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது, ஏராளமான குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும், பதனிடப் போட்ட குரோமியமும் கலந்த கழிவு நீர் எங்கே போனது? ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. அங்கிருந்து கிணற்றுக்குப் போனது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இன்று இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. ஒரு கிலோ தோல் தயாராக ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. மாசுபடுத்தியவனே ஈடு தர வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஆணையமும் அமைந்தது.

தீர்ப்பு வந்தது. நீதி வந்ததா?

அந்த ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவை அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 என்றும், 547 தோல் தொழிற்சாலைகள் தர வேண்டிய ஈடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்றும் கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள் சகோதரர்களே! சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலம் உப்பாகிப் போனதற்கு இதுதான் விலை! அந்தச் சிறு தொகையாவது முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா? இல்லை. மேல்முறையீடு, மறு கணக்கீடு, தவணை என்று வருடங்கள் உருண்டன. வழக்குத் தொடுத்தபோது வாலிபனாக இருந்தவன் தாத்தாவாகி விட்டான்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பு அது. பாக்கி நிற்கும் ஈட்டுத் தொகையை மாநில அரசே ஆறு வாரத்துக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக் கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலாற்றைச் சீர்படுத்துவதைக் கண்காணிக்க, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் அரசைப் பார்த்து, "நீ வேடிக்கை பார்ப்பவன் அல்ல, பொறுப்பாளி" என்ற பொருளில் பேசியிருக்கிறது. 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்துவிட்டது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, வாரியம் இருந்தது, அதிகாரி இருந்தார், அவருக்கு ஜீப்பும் இருந்தது. ஆறு மட்டும் இல்லாமல் போனது! ஆற்றைக் கெடுத்தவன் ஒருவன் என்றால், கெடுக்க விட்டவன் இன்னொருவன். இரண்டு பேரிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

ஒரு ஆற்றைக் கெடுத்து, இன்னொரு ஆற்றை வாங்குவதா?

பொதுச் செலவைப் பற்றிச் சொல்கிறேன். பாலாற்றில் நீர் கெட்டது. மணல் கொள்ளையும் வறட்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இந்த மாவட்ட மக்கள் குடிப்பதற்கு என்ன செய்தார்கள்? ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் தந்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆற்றைக் காக்கத் தவறியவர்களின் தவறுக்கு யார் பணம் கட்டியது? தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற ஏழைதான் கட்டினான்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன் என்று கணக்கு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்த விஷயம். அந்தக் கழிவு மழையில் நனைந்து மண்ணில் இறங்கிய வருடங்களை எண்ணிப் பாருங்கள். லாபம் பார்த்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். கழிவு பொதுமக்களின் சொத்தாகிவிட்டது!

2015 ஜனவரி இறுதியில் அதே ராணிப்பேட்டை சிட்கோவில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சகதியில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்ட மத்திய, மாநில அரசுகள் மானியம் தருகின்றன. மானியம் கொடுத்தவர்கள் தொட்டியின் சுவரைப் பார்த்தார்களா?

மருத்துவமனைக் கணக்கு

2017-ல் மத்திய அரசு தேசிய சுகாதாரக் கொள்கையை வெளியிட்டது. 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவழிப்போம் என்று அதில் எழுதியது. அரசே வெளியிட்ட தேசிய சுகாதாரக் கணக்கின்படி, கொரோனா பரவிய 2021-22-ம் ஆண்டில்கூட மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவழித்தது 1.84 சதவீதம். அந்த ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் மக்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கொடுத்த பணம் அது!

நல்லது நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். 1994-ல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேவைக் கழகம் தொடங்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுத்து, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தாய் என்று பதிய வைத்தார்கள். பல மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. இதிலிருந்து என்ன தெரிகிறது? மனம் இருந்தால் கணக்கு வைக்க முடியும். மாத்திரைக்குப் பாஸ் புத்தகம் வைக்க முடிந்த அரசால், ஆற்றுக்கு ஒரு பாஸ் புத்தகம் வைக்க முடியாதா?

நமது வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

சகோதரர்களே! இப்போது சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். இந்தத் தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நமது சமுதாயத்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே, "நமது தொழிலைக் குறி வைக்கிறார்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடப் பார்க்கிறோம். அந்த 29,193 பேரும் எந்த மதம் என்று உப்பு கேட்டதா? குரோமியம் ஜாதி பார்த்துக் கிணற்றில் இறங்கியதா? தோல் தொட்டியில் இறங்கிக் கை கால் புண்ணாகி நிற்பவன் நமது தெருப் பிள்ளையாகவும் இருக்கிறான், பக்கத்துக் காலனிப் பிள்ளையாகவும் இருக்கிறான்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவில் சின்னஞ்சிறு வயதில் படித்தவர்கள் நாம். அண்டை வீட்டான் ஹக்கைப் பற்றி மணிக்கணக்கில் பயான் கேட்டவர்கள் நாம். அண்டை வீட்டான் கிணற்றைக் கெடுத்துவிட்டுத் தரும தானம் செய்தால், அந்த ஹக் தீர்ந்துவிடுமா? ஈட்டுத் தொகை தர வேண்டியவர்கள் தருவது தானம் அல்ல, கடன். கடனை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக மவுத்தாக முடியாது.

தொழிலை மூடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மூடினால் முதலில் பட்டினி கிடப்பவன் தொழிலாளி. சுத்திகரித்து நடத்துங்கள் என்கிறோம். கழிவு நீரைச் சுத்திகரித்த பிறகு மலைபோல் குவியும் உப்பை என்ன செய்வது என்பதற்கு அரசு வழி காட்ட வேண்டும் என்கிறோம். சிறு முதலாளியால் தாங்க முடியாத செலவுக்கு அரசு நேர்மையாக உதவட்டும். அந்த உதவிக்கும் கணக்குக் காட்டட்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆவேசமாகக் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்து போவதால் எதுவும் நடக்காது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்து எழுதட்டும். நமது ஊர் நிலத்தடி நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைசியாக எப்போது சோதித்தது, முடிவு என்ன? நமது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை மருத்துவர் பணியிடம், எத்தனை காலி? ஈட்டுத் தொகைப் பட்டியலில் நமது ஊரில் எத்தனை பெயர், எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது?

தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டீர்களா என்று நமது எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். பக்கத்துக் கிராமங்களில் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அந்த விவசாயிகளோடு சேர்ந்து தீர்மானம் போட உதவுங்கள். வந்த பதில்களை எல்லோரும் பார்க்கும்படி பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கோயிலிலும் சர்ச்சிலும் ஒட்டச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புச் சகோதரர்களே! வழக்குப் போட்டவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் சளைக்காமல் நின்றார்கள். அவர்களுக்கு இந்த ஊர்கள் நன்றிக் கடன் பட்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது நமது வேலை. பதில் வருகிற வரை கேட்போம். பதில் வந்தால் சரிபார்ப்போம். பொய்ப் பதில் வந்தால் மேல்முறையீடு செய்வோம். இன்ஷா அல்லாஹ், நம் பேரப் பிள்ளைகள் பாலாற்று மணலைத் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்கும் நாள் வர வேண்டும்.