மறுதரவு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இற்றைக் கவிதையின் பாடுபொருள்’ என்று விரிந்ததொரு தலைப்பை எனக்குத் தந்தார்கள். நான் அதனை மிகவும் குறுக்கிக்கொண்டேன். சனிக்கிழமை விடியலில் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுக் கெந்திங் மலையின் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று, ஞாயிறு இரவு மகிழுந்தை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோமே, அந்தத் திரும்பும் வழியைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். முன்வரிசையில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். சென்ற ஆண்டு நம் மாதக் கூட்டம் ஒன்றில் மூத்த கவிஞர் ஒருவர், “இராட்டினத்தில் என்ன அம்மா கவிதை இருக்கிறது?” என்று வினவினார். அன்று நேரம் இல்லாமையால் விடை கூறவில்லை; இன்று கூறுகிறேன். இராட்டினத்தை விட்டு இறங்கிய பிறகு இருக்கிறது, ஐயா.

கெந்திங் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. லிம் கோ டோங் என்னும் ஒப்பந்தக்காரர் காட்டினூடே சாலை அமைத்து, 1971இல் அங்கே முதல் விடுதியைத் திறந்தார். பழைய திறந்தவெளிப் பூங்கா 2013இல் மூடப்பெற்றது. புதியது 2022இல் திறக்கப்பெற்றது. பூங்காவைப் பற்றி நம் பிள்ளைகள் நம்மினும் நன்றாகச் சொல்வார்கள்; ஆகவே அதனை விட்டுவிடுகிறேன். மூடுபனியில் தாழ்ந்த கியரில் மலையிறங்கி, காது அடைத்துத் திறந்து, காராக் நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூர் ஓரத்தைத் தொட்டு, சிரம்பான், ஆயர் குரோ, யோங் பெங், கூலாய் என்று நானூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக ஓடி, ஜொகூர் பாலத்தில் வந்து முடிகிறது இப்பயணம். காலையில் மலையும் நள்ளிரவில் கடலும் காண்பதால், ஐந்திணையையும் ஒரே நாளில் கடந்தோம் என்று சொல்லிக் கைதட்டல் பெறலாம். மேடைக்கு அழகான கணக்கு அது, கவிதைக்கு உதவாது.

கார் என்னும் ஊர்திக்கு மகிழுந்து என்று பெயர் சூட்டினோம். போகும் வழியில் அப்பெயர் பொருந்துகிறது. திரும்பும் வழியில் அதனுள் மகிழ்ச்சி உறங்கிவிடுகிறது. போகும்போது, சிங்கப்பூர் வண்டியில் முக்கால் தொட்டி எரிபொருள் இருத்தல் வேண்டும் என்று சட்டமே உடன்வருகிறது; வரும்போது தொட்டியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நம் கவிஞர்களும் அப்படியே. இப்பத்தாண்டுகளில் இங்குப் படிக்கப்பெற்ற கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். புறப்பாடு உண்டு, பிரிவு உண்டு, விமான நிலையம் பல முறை உண்டு. மீட்சி மிக அரிது.

நம் முன்னோர்க்கு அது அரிதன்று. திரும்பி வருதலுக்கென்றே ஒரு திணையின் பெரும்பகுதியை ஒதுக்கியவர்கள் அவர்கள். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான, 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டு, தலைவனின் தேர் வீடு நோக்கி வரும் ஒலியோடு முடிகிறது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவும் பாடல்களை மட்டும் தொகுத்து ஒரு பத்தாக்கினார். ‘தேர் வியங்கொண்ட பத்து’ என்று அதற்குப் பெயர். குறுந்தொகையில், மழை பெய்து ஈரமான நிலத்தை உழ ஒரே ஏர் வைத்திருக்கும் உழவனின் பதற்றத்தை, வீடு திரும்பும் தலைவனின் நெஞ்சுக்கு உவமையாக்கியவர் ஒருவர் உளர். அவருடைய இயற்பெயர் மறைந்து, உவமையே பெயராகி, ஓரேருழவனார் என நிலைத்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இன்னும் சிரம்பானைத் தாண்டவில்லை, காலை ஏழரைக்குப் பள்ளி என்னும்போது, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் அந்த உழவரே.

இவ்விடத்தில் அகநானூற்று நான்காம் பாடலை நினைக்காமல் கடக்க இயலவில்லை. குறுங்குடி மருதனாரின் தலைவனும் விரைந்தே வருகிறான். ஆயினும், பூவில் தேன் உண்ணும் வண்டுகள் தேர்மணி ஓசையால் கலங்குமே என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் இதனைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். விரைவுக்குள் இருக்கும் இந்த மென்மையை மாணவர்க்கு விளக்க உரையாசிரியர்களைத் துணைக்கு அழைப்பேன். இப்போது அழைப்பதில்லை. சுங்கச் சாவடியை நெருங்குகையில் சாலையின் குறுக்கே வரிவரியாக மேடு வரும், வண்டி அதிரும். பின்னிருக்கையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைத் தணிக்கும் தந்தையை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள். போதும்.

ஆனால், ‘தேருக்கு மாற்றாக மகிழுந்து, பாகனுக்கு மாற்றாக வழிகாட்டும் கைப்பேசி’ என்று எழுதிவிட்டால் முல்லை புதுப்பிக்கப்பட்டதாகாது. அத்தகைய கவிதைகளை நாம் போதிய அளவு கேட்டுவிட்டோம் என்பதை, உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள்க. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தேர் விரைவது, வீட்டில் ஒருத்தி இருப்பதனால். நம் வண்டியிலோ அந்த ஒருத்தியும் உடன் வருகிறாள். தலைவனே பாகனாகிவிட்டபடியால் ஏவுதற்கும் ஆளில்லை. தலைவி அவனுக்கு இடப்புறம் அமர்ந்து ஆரஞ்சுச் சுளை உரித்துத் தருகிறாள். அவன் கண்ணயர்ந்துவிடாதிருக்க, பேசியதையே மீண்டும் பேசுகிறாள். சுங்க அட்டையில் எவ்வளவு மீதி என்று கணக்கிடுகிறாள். பூட்டிய வீட்டை நோக்கி எல்லாரும் ஒன்றாக விரைகிறோம். யார் இருத்தலால் இந்த விரைவு? திங்கட்கிழமை இருத்தலால் என்பது நகைச்சுவைக்குச் சரி.

இவ்வினாவோடு நெடுநாள் இருந்தேன். விடை முல்லையில் இல்லை, பாலையில் இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறேன். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியின் இறுதிப் பத்து, ‘மறுதரவுப் பத்து’. உடன்போக்கில் தலைவனோடு சென்ற மகள், அவனோடு மீண்டு வருவதைப் பற்றியது. அங்கே வீட்டில் இருப்பவள் தலைவியல்லள். அவளைப் பெற்ற தாய். மகள் வருகையைக் கரைந்து அறிவிக்குமாறு காக்கையை வேண்டி, அதற்கு ஊன் சோறு தருவதாகச் சொல்கிறாள். வழியில் வரும் மகளோ, தன் ஊருக்கு முன்னே செல்வாரிடம், நான் வருகிறேன் என்று தோழியர்க்குச் சொல்லுங்கள் என்கிறாள். இருவரும் சாலையின் இரு முனையில் நிற்கிறார்கள். பெண் ஒருத்தி வழியில் இருக்க, மற்றொருத்தி வாயிலில் இருக்கும் மீட்சி இது. நம் மகிழுந்துக்கு நெருங்கியது இப்பத்துதான். நம் வீடுகளில் பல உண்மையில் பூட்டப்படுவதில்லை. மலைக் குளிர் ஆகாது, முழங்கால் ஒத்துழைக்காது என்று தங்கிவிடும் முதியவர் ஒருவர் உள்ளே இருக்கிறார்.

என் தாயார் அவ்வாறு இருப்பவர். செகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்டச் சென்று, 1970களில் மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பெற்றது 1917இல், சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில். 1960களுக்குப் பின் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடுவது பெருகியது; செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. லயத்து வீடுகள் காலியாயின. இன்று இரவில் நெடுஞ்சாலையின் இருமருங்கும் விளக்கொளி தொட்டு விலகும் கருமை செம்பனையே. 1994இல் முழுமையாகத் திறக்கப்பெற்ற அந்நெடுஞ்சாலை வேலியிட்டது. ஊர்களை விட்டு விலகி ஓடுவது. பழைய சாலையோ தம்பின், செகாமட், லாபிஸ் என்று ஒவ்வோர் ஊரின் நடுவிலும் புகுந்து, கடைவாயிலையும் கோயில் வாயிலையும் உரசிச் செல்லும். என் பிள்ளைகள் அச்சாலையை அறியார். கெந்திங்கின் ஒவ்வோர் இராட்டினத்தின் பெயரையும் அறிவர். அதில் அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. நாம் அழைத்துச் சென்ற இடம் அது.

கூலாய் தாண்டியதும் தாயார்க்குச் செய்தி அனுப்புவேன். முன்னே செல்வாரிடம் சொல்லிவிட்ட தலைவியின் வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. அதன் பிறகுதான் பயணத்தின் மிக நீண்ட பகுதி தொடங்குகிறது. ஜொகூர் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பெற்றது; நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நூறு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்த வண்டி, இந்த ஒரு கிலோமீட்டருக்கு அதனினும் கூடுதலான நேரம் எடுத்துக்கொள்ளும் ஞாயிறு இரவுகள் உண்டு. இருபுறமும் நீர், முன்னும் பின்னும் செந்நிற விளக்குகள், அவ்வண்டிகளுக்குள்ளும் உறங்கும் பிள்ளைகள், விழித்திருக்கும் மனைவியர். 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டுக்கு மாற்றாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிடலாம். ஆயினும் அதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டும். பின்கண்ணாடியை இறக்குகிறோம். சீருடை அணிந்த ஒருவர் குனிந்து, வாய் பிளந்து உறங்கும் குழந்தையின் முகத்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டுத் தலையசைக்கிறார். கவிஞர்களே, இதனை நீங்கள் எழுதவில்லையென்றால் யார் எழுதுவார்?

இறுதியாக ஒன்று. சென்ற முறை நாங்கள் வீடு சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. தாயார் உறங்கவில்லை. பிள்ளைகளைத் தோளில் சுமந்து உள்ளே சென்றோம். எதில் ஏறினீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. “செகாமட்டுல மழையா?” என்று கேட்டார். எங்கள் சாலை செகாமட்டைத் தொடுவதேயில்லை. என் கணவர், “வழி நெடுக மழைதான் அத்தை” என்றார். ஆயர் குரோவிலிருந்து மழைதான், பொய்யில்லை.

“அப்ப நாளைக்கு வெட்டு இல்ல” என்றார் தாயார், சிரித்தபடி.

தோட்டம் அறியாத இளையோர் இங்கே இருப்பதால் விளக்குகிறேன். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கிண்ணத்தில் சேராமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே அன்று வெட்டு இல்லை. அன்றைக்குக் கூலியும் இல்லை. கார்காலத்து மழையைக் கண்டால் தலைவன் வந்துவிடுவான் என்று முல்லையில் தோழி தேற்றுகிறாள். அதே மழைக்கு என் தாயார் பிறந்த லயத்தில் வேறு பொருள் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், மின்தூக்கி வைத்த அடுக்குமாடியின் எட்டாம் தளத்தில், நள்ளிரவில் அப்பொருளே முதலில் அவர் நாவில் வந்தது.